பெட்டிக்குள் போன கப்பல்

கப்பல் இயக்க மேசையில் இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். காற்று, அலை, எரிபொருள், துறைமுகத்தில் இடம் பிடிப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் நீங்கள் இப்போதே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆகவே நான் ராக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

லண்டனில் ஆல்ட்கேட் பக்கத்தில் ஒரு ஐந்தாம் மாடியில் இருபத்தாறு வருடம் இருந்து, நான் ஒருமுறைகூட ஏறிப் பார்க்காத கப்பல்களுக்கு வழி சொன்னேன். கடைசி வருடத்தில் மட்டும் ராக்கெட்டை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். முதல் முறை நிறுத்தியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இரண்டாம் முறை நிறுத்தியதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழில் எழுதுவதற்கு உங்களில் மூன்று பேர் நம்முடைய பிள்ளைகள் என்பது ஒரு காரணம். பிழை நடந்ததே தமிழில்தான் என்பது மற்றக் காரணம்.

முன்பெல்லாம் ராக்கெட்டின் கீழ்ப்பகுதி, பூஸ்டர் என்பார்கள், வேலை முடிந்ததும் கடலில் விழுந்து மூழ்கிவிடும். பிறகு அதைத் திரும்ப இறக்கப் பழகினார்கள். மேலே போய்க் கழன்று, திரும்பி வந்து, கடலில் நிற்கும் பார்ஜ் என்ற பெரிய தட்டை மிதவையின்மேல் நெருப்பைக் கக்கியபடி காலூன்றி நிற்கும். அதைத் துடைத்துச் சரிபார்த்துச் சில வாரங்களில் மறுபடி ஏவுவார்கள். நான் சொல்லும் வருடத்தில் இது பஸ் ஓடுவதுபோல ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஓர் அறிவித்தல் வரும்: கடலில் இன்ன நான்கு மூலைகளுக்கு உட்பட்ட பகுதியில், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை கப்பல்கள் இருக்கக் கூடாது. அந்தப் பகுதியை மேசையில் நாங்கள் பெட்டி என்போம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும் எங்கள் கப்பல்களின் வழியில், கிழமைக்குக் கிழமை ஒரு பெட்டி இருந்தது.

முதலில் நான் மிகவும் பயந்து நடந்தேன். மாசி மாதம் சீனி ஏற்றிய ஒரு கப்பலைப் பெட்டியைச் சுற்றிப் போகச் சொன்னேன். அன்று காற்றுக்காக ஏவுதலை ஒத்திவைத்தார்கள். பெட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது, கப்பலின் புதிய வழிக்கு நேர் எதிரே. மறுபடி சுற்றச் சொன்னேன். மறுநாளும் ஒத்திவைத்தார்கள். கப்பல் பிந்திப் போய்த் துறைமுகத்தில் தன் இடத்தை இழந்து, ஐந்து நாள் வெளியே நங்கூரமிட்டு நின்றது. எங்கள் பகுதித் தலைவர் அறிவித்தலைக் கையில் எடுத்து, "இதுல நேரம் போட்டிருக்கு, பார்த்தீங்களா? அந்த நேரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அது வெறும் கடல்தான். சுத்த வேணாம். ரெண்டு மணி நேரம் மெதுவாப் போனாப் போதும்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, படிக்க வந்து, ஹரோவில் குடியேறியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் சில நாட்கள் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து நாள் என்னை வேறு பக்கமாகக் கெடுத்தது. பயந்ததால் பிழை வந்தது, ஆகவே துணிய வேண்டும் என்று முடிவெடுத்தேன். பார்ஜ் நிற்கும் இடத்தில் அலை எவ்வளவு என்று பார்த்து, இன்றைக்கு ஏவுவார்களா மாட்டார்களா என்று நானே சொல்லத் தொடங்கினேன். பல தடவை சரியாக வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. குட்மேய்ஸில் வீட்டில் என் கணவர் ஒவ்வொரு ஏவுதலையும் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்ப்பார். "இண்டைக்கு உது எழும்பாது" என்று நான் குசினியில் சமைத்தபடி சொல்வேன். எழும்பாது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. தானியம் ஏற்றிய எங்கள் கப்பலொன்று பெட்டியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் கப்டன் தூத்துக்குடிக்காரர். நாங்கள் இருவரும் தமிழர் என்பதால், மின்னஞ்சலில் எழுத வேண்டியதைத் தொலைபேசியில் கதைத்து முடித்துவிடுவோம். பெட்டி லண்டன் நேரம் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் இருக்கும். என் கணக்கில் கப்பல் இரண்டு மணிக்கே மறுபக்கத்தால் வெளியே போய்விடும். காலையிலேயே அவர் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு மணி நேரம்தான் இடைவெளி இருக்கு. எஞ்சின்ல வேற சின்னதா ஒரு தொந்தரவு. பெட்டிக்கு வெளியவே மெதுவாக்கி நின்னு, அது முடிஞ்சப்புறம் போயிரட்டுமா?"

"அப்பிடி நிண்டால் துறைமுகத்தில இடம் போயிரும் கப்டன். பயப்பிடாதேங்கோ. அலை பாத்தனீங்கள்தானே, உவங்கள் இண்டைக்கு ஏவ மாட்டாங்கள். நேர போங்கோ."

பெட்டியின் நேரத்தை மறுபடி ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு "சரி மேடம்" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு எஞ்சினின் சின்னத் தொந்தரவு பெரிய தொந்தரவானது. கப்பல் ஊர்ந்து போகும் வேகத்துக்கு வந்தது. இரண்டு மணிக்கு அது பெட்டியின் நடுவில் இருந்தது. மூன்று மணிக்கும் ஏறக்குறைய நடுவில்தான் இருந்தது. அலை அடங்கி, காற்றும் குறைந்து, ராக்கெட்டை ஏவுவதற்கு அதைவிட நல்ல நாள் வாய்க்காது என்பதுபோல இருந்தது. கரையிலிருந்து வானொலியில் கப்டனைக் கூப்பிட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கும் தொலைபேசி வந்தது. ஏவுதலுக்கான இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாலரைக்கு நேரம் முடிந்தது. ராக்கெட்டிலிருந்து எரிபொருளைத் திரும்ப இறக்கினார்கள்.

வீட்டுக்குப் போக முன் தலைவர் என் மேசைக்கு வந்தார். "கப்டன் தன்னோட முடிவுன்னு எழுதியிருக்கார். நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"முடிவு எப்பவும் கப்டன்ர தானே" என்றேன்.

"ஆமா, சட்டப்படி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. இதைக் கவனித்து வையுங்கள். எங்கள் தொழிலில் பெரிய பொய்களை உண்மையான சொற்களால்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போனேன். கணவர் சோபாவில் இருந்தார். "இண்டைக்கு நிப்பாட்டிப் போட்டாங்கள். ஆரோ ஒரு விசரன் கப்பலை உள்ளுக்க விட்டிட்டானாம். உலகம் முழுக்க அவனைத் திட்டுது, வாசிச்சுக் காட்டட்டே?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைச் சூடாக்கினேன். இணையத்தில் ஒருவர் எழுதியதை அவர் எப்படியும் வாசித்துக் காட்டினார். அது கப்டனைப் பற்றியது. அதில் அவருடைய தாயையும் சேர்த்துத் திட்டியிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டைத் துப்புரவாக்கினேன். அந்தக் கப்டன் ஏன் என் பெயரை எழுதவில்லை என்று யோசித்தேன். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்பதாலா, அல்லது தமிழில் சொன்னது அவருக்கு ஒரு மேசையின் ஆலோசனையாகத் தோன்றாமல், ஊர்க்காரியின் பேச்சாகத் தோன்றியதாலா என்று தெரியவில்லை. எனக்கும் சொல்லும்போது அப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், "அவர்கள் இன்று ஏவ மாட்டார்கள்" என்ற வசனத்தை அனுப்பும் முன் நானே அழித்திருப்பேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தலைவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். எஞ்சின் தொந்தரவைக் கப்டன் முன்கூட்டியே சொன்னதையும், நிற்கட்டுமா என்று கேட்டதையும், நான் போகச் சொன்னதையும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை கேட்டேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்ததைக் கப்பல் முதலாளிகளுக்கு அன்றே அனுப்பினார். ஆனால் அவர்கள் சனிக்கிழமையே முடிவெடுத்துவிட்டார்கள். கப்டனை அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பும் கடிதம் போய்விட்டிருந்தது. எடுத்த முடிவை மாற்ற அவர்களுக்கு நாலு மாதம் சென்றது. நான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் மாற்றுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். நியாயமான கடிதம், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் தூத்துக்குடிக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல மேடம்" என்றார் கப்டன். "வீட்டுக்கு வெள்ளையடிச்சேன்."

ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வெள்ளையடிக்கிறேன் மேடம். ரெண்டாவது தடவை."

அதன்பிறகு நான் எடுக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

புரட்டாதியில் அவருக்கு மறுபடி ஒரு கப்பல் கொடுத்தார்கள். அதுவும் என் மேசைக்கே வந்தது. வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்று தலைவரிடம் கேட்டேன். "அவர் அப்படிக் கேட்கல" என்றார். கப்டனும் நானும் மின்னஞ்சலில் மட்டும் பேசிக்கொண்டோம். அவருடைய மின்னஞ்சல்கள் மிகவும் மரியாதையாக இருந்தன. வாசிக்கவே கஷ்டமாக இருக்கும்.

ஐப்பசி முடியும் சமயம், ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சித்திரைக்குப் பிறகு கப்பலிலிருந்து முதல் தடவையாகத் தமிழ்.

"மேடம், எஞ்சின் ரூம் ஃபிட்டருக்கு முடியல. அம்பத்தி மூணு வயசு. காலைல இருந்து வயித்துல வலது பக்கம் வலி, துடிக்கிறார். வாந்தி, வேர்வை. போன்ல டாக்டர்கிட்ட பேசினோம். அப்பெண்டிக்ஸா இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், சீக்கிரம் ஹெலிகாப்டர் வர்ற தூரத்துக்கு வாங்கன்னு சொல்றார்."

"எவ்வளவு நேரம் ஓடோணும்?"

"நேரா போனா ஏழு மணி நேரம். ஆனா நடுவுல பெட்டி இருக்கு. சுத்திப் போனா பதினொண்ணு."

கடல் வரைபடத்தைத் திறந்தேன். பெட்டி நாலு மணிக்குத் தொடங்கி எட்டு மணிவரை. கப்பல் மூன்றரைக்கு அதன் ஓரத்தை அடையும். உள்ளே நுழைந்தால் ஏழரைவரை உள்ளேதான் இருக்கும்.

இன்னொரு வழியும் இருந்தது. ராக்கெட் சரியாக நாலு மணிக்கு எழும்பினால் பத்து நிமிடத்துக்குள் பூஸ்டர் பார்ஜில் வந்து நின்றுவிடும். கப்பல் ஓரத்தில் நின்று, அது இறங்கியதும் நேரே போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நட்டம் வராது; ஏவுதல் பிந்தினால் எட்டு மணிவரை நிற்க வேண்டும். அலையைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன். நேரத்துக்கு ஏவுவார்கள் என்றே எனக்குத் தோன்றியது. சித்திரையில் எழும்பாது என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றியதோ, அவ்வளவு உறுதியாக.

அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன். என் ஊகம் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் பந்தயம் வைப்பது இன்னொருவருடைய வயிற்றை.

"மேடம், நேராவா, சுத்தியா?" என்றார் கப்டன். பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: "இந்தத் தடவை எழுத்துல குடுங்க."

"தாறன். பத்து நிமிசம் தாங்கோ."

அறிவித்தலில் இருந்த எண்ணுக்கு எடுத்தேன். ஏவுகிறவர்களின் பக்கத்தில் ஒரு பெண் பேசினாள். சின்ன வயது, நல்ல பொறுமை. நான் நிலைமையைச் சொன்னேன்.

"ஏவுதலை நிறுத்தி வைக்கும்படி கேட்கிறீர்களா?" என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாமே கேட்பதுதான். தயவுசெய்து, முடியுமானால், பரிசீலித்தால் நன்று. அந்த மொழியில் இருபத்தாறு வருடம் வாழ்ந்திருந்தேன்.

"கேட்கவில்லை, அறிவிக்கிறேன்" என்றேன். "மூன்றரை மணிக்கு எங்கள் கப்பல் உள்ளே வருகிறது. ஏழரைக்கு வெளியே போகும். கரைக் காவலுக்கும் சொல்லுகிறேன்."

"நோயாளியின் உயிருக்கு ஆபத்தா?"

ஓம் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். அவளுக்கும் அதுதான் வசதி என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே வாசிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

வாசித்தேன். எழுதிக்கொண்டாள். "இன்றைக்கு விட்டால் கடல் நான்கு நாளைக்குச் சரியில்லை" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.

"நன்றி. எனக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்" என்றேன்.

கப்டனுக்கு எழுதினேன். கப்பல் நேராகப் பெட்டிக்குள் செல்லலாம். ஏவுகிறவர்களுக்கும் கரைக் காவலுக்கும் முன்கூட்டியே அறிவித்தாயிற்று. காரணம், கப்பலில் நோயாளி. நோய் என்னவென்று தெரியாது. இந்த ஆலோசனை இந்த மேசையுடையது. கீழே என் முழுப் பெயர்.

தலைவர் பின்னால் நின்று வாசித்தார். "வெறும் வயித்து வலியா இருந்தா?"

"வெறும் வயித்துவலி எண்டு அறிக்கையில எழுதுறன்."

அவர் குனிந்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தட்டச்சு செய்தார். "அனுப்புங்க" என்றார். பிறகு என் சாப்பாடு ஆறிப்போனதைப் பார்த்து, அதைக் கொண்டுபோய் மைக்ரோவேவில் வைத்துவிட்டு வந்தார்.

ராக்கெட்டை நிறுத்தினார்கள். அன்று போகவில்லை. நான் ஏழரைவரை மேசையில் இருந்து, வரைபடத்தில் கப்பலைக் காட்டும் அந்தச் சின்ன முக்கோணம் பெட்டியின் மறுபக்கத்தால் வெளியே போவதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினேன். வீட்டில் கணவர் கதவைத் திறந்து, "இண்டைக்கும் ஒரு கப்பல்" என்றார். "ஓம், என்ர கப்பல்" என்றேன். "சித்திரையில போனதும் என்ர தான்." அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். அன்றிரவு நாங்கள் கனகாலத்துக்குப் பிறகு ஒழுங்காகக் கதைத்தோம்.

மறுநாள் விவரம் வந்தது. அப்பெண்டிக்ஸ் இல்லை. சிறுநீரகக் கல். அதுவும் ஹெலிகாப்டர் இறங்கி, அவரை வைத்தியசாலை வாசலில் சக்கர நாற்காலியில் ஏற்றும்போதே பாதி வலி போய்விட்டதாம். காலையில் கல்லே போய்விட்டது. கப்பல் முதலாளி ஒருவர் என்னிடம் தொலைபேசியில், "ஒரு கல்லுக்காகவா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம், கடலைப் பருப்பின் அரைவாசி அளவு என்று மருத்துவ அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். அவருக்கு அது உதவவில்லை.

ராக்கெட் ஐந்தாம் நாள் போனது. பூஸ்டர் பார்ஜில் வந்து நின்றது. அடுத்த மாதமே அதே பூஸ்டர் மறுபடி போய் மறுபடி வந்தது. ஐந்து நாள் காத்திருந்ததில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்களில் ஒருவர் இதைக் கேட்பீர்கள், ஆகவே நானே கேட்கிறேன். இரண்டு தடவையும் கப்பல் பெட்டிக்குள் போனது, இரண்டு தடவையும் ராக்கெட் நின்றது. இரண்டாம் தடவை காரணமும் கடைசியில் கல்லாகப் போனது. அப்படியென்றால் வித்தியாசம் என்ன? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் தடவை எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல ஒருவருக்குச் சொன்னேன். இரண்டாம் தடவை எனக்குத் தெரியாது என்பதை எல்லோருக்கும் சொன்னேன். ஒரு முடிவு நல்லதா கூடாததா என்று அடுத்த நாள் பார்த்துச் சொல்பவர்கள் அலுவலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுடைய வேலை அடுத்த நாள் தொடங்குகிறது. உங்களுடைய வேலை மத்தியானம் ஒரு மணிக்கு, அவ்வளவு விவரத்தோடுதான் நடக்கும்.

கப்பல் துறைமுகத்துக்குப் போன அன்று கப்டன் கூப்பிட்டார். ஃபிட்டர் கப்பலுக்குத் திரும்பி வந்துவிட்டார், வேலைக்கும் இறங்கிவிட்டார் என்றார். ஆனால் சாப்பாட்டுக்கு வருகிறார் இல்லையாம். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாம்.

"எந்நேரமும் அதையே கேக்கிறார் மேடம். 'நிசமா எனக்காகவா ராக்கெட்ட நிறுத்துனாங்க?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். "அவருக்காகத்தான் நிப்பாட்டினது எண்டு சொல்லுங்கோ."